வைரஸை எதிர்க்கும் இயற்கைப் புரதங்களும் மருந்துகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஃபிரெடரிக் என்னும் ஊரில், அந்நாட்டுத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆய்வகங்கள் உள்ளன. உலகின் பல காடுகளிலிருந்தும் கடல்களிலிருந்தும் சேகரித்த செடி, பாசி, கடற்பஞ்சு ஆகியவற்றின் சாறுகள் அங்கே உறைகுளிரில் வைத்துக் காக்கப்படுகின்றன. மைக்கேல் பாய்ட், கிர்க் கஸ்டாஃப்சன், பேரி ஓகீஃப் முதலானோர் அந்தச் சாறுகளிலிருந்து எச்ஐவியைத் தடுக்கும் பொருள்களைப் பிரித்தெடுத்தனர். அவற்றுள் சயனோவிரின், கிரிஃபித்சின் என்னும் இரு புரதங்கள் பெரிதும் பேசப்பட்டவை. அந்த ஆய்வையும் அதனோடு உறவுடைய சில மருந்துகளையும் பற்றி வாசகர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

வைரஸ் என்பது உயிரியல் சார்ந்தது. வேதியியலாளருக்கு அதில் என்ன வேலை?

ஒரு செடியின் சாறு வைரஸைத் தடுக்கிறது என்று கண்டறிவது உயிரியலாளரின் வேலை. அந்தச் சாற்றில் உள்ள எந்த மூலக்கூறு தடுக்கிறது, அதன் அமைப்பு என்ன, அதை மீண்டும் மீண்டும் ஒரே தூய்மையோடு கிடைக்கச் செய்வது எப்படி என்பவை வேதியியலாளரின் கேள்விகள். "இந்த மூலிகை நல்லது" என்ற பேச்சு "இந்த மூலக்கூறு, இந்த அளவில், இந்த இடத்தில் வேலை செய்கிறது" என்ற கூற்றாக மாறுவதற்குள் பெரும்பாலும் பல ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. செய்தித்தாளில் வருவது முதல் கூற்று மட்டுமே. இரண்டாவது கூற்று வரும்போது பெரும்பாலும் செய்தியாளர்கள் வேறு பக்கம் போயிருப்பார்கள்.

சாற்றில் ஆயிரக்கணக்கான பொருள்கள் இருக்குமே, அவற்றுள் ஒன்றை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பிரிப்பதும் சோதிப்பதும் மாறி மாறி நடக்கின்றன. சாற்றைச் சில பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் வைரஸுக்கு எதிராகச் சோதித்து, வேலை செய்யும் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு அதை மேலும் பிரிப்பார்கள். ஒரே ஒரு பொருள் எஞ்சும்வரை இது தொடரும்.

உள்ளங்கை அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டில் 96 சிறு குழிகள் இருக்கும். ஒவ்வொரு குழியிலும் மனித வெள்ளணுக்களையும் எச்ஐவியையும் சோதிக்க வேண்டிய பகுதியின் ஒரு துளியையும் இட்டு ஆறு நாள் வைத்திருப்பார்கள். பிறகு ஒரு சாயப்பொருளைச் சேர்ப்பார்கள். உயிரோடிருக்கும் செல்கள் அதை ஆரஞ்சு நிறமாக மாற்றும், செத்த செல்கள் மாற்றா. எனவே தட்டில் நிறம் ஏறிய குழிகளில் செல்கள் பிழைத்திருக்கின்றன. நிறம் ஏறாத குழிக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, வைரஸ் வென்றிருக்கும். இல்லையென்றால், நாம் இட்ட சாறே நஞ்சாகிச் செல்களைக் கொன்றிருக்கும். அதனால்தான் வைரஸ் இல்லாமல் சாறு மட்டும் இட்ட குழிகளும் அதே தட்டில் ஒரு வரிசையில் இருக்கும்.

இதில் ஏமாறுவதற்கு வாய்ப்பு அதிகம். பிஞ்சு வாழைக்காயையோ கடுக்காயையோ கடித்தால் வாய் சொரசொரப்பாகி இறுகுவதை எல்லோரும் அறிவோம். அவற்றிலுள்ள டானின் என்னும் பொருள் எச்சிலில் உள்ள புரதங்களைப் பற்றிக்கொள்வதே அந்தத் துவர்ப்பு. எந்தப் புரதம் கிடைத்தாலும் பற்றிக்கொள்ளும் இயல்புடைய டானின், சோதனைக் குழியில் வைரஸின் புரதத்தையும் பற்றிக்கொள்ளும். தட்டும் அழகாக ஆரஞ்சு நிறம் காட்டும். ஆனால் அது மருந்தாகாது, ஏனென்றால் உடலுக்குள் போனால் வைரஸைச் சந்திப்பதற்கு முன்பே வேறு ஆயிரம் புரதங்களில் ஒட்டிக்கொண்டுவிடும். கடற்பாசிகளில் உள்ள கந்தகம் ஏற்ற சர்க்கரைத் தொடர்களும் இதே போலப் பொய்யான நம்பிக்கை தருபவை. ஆகவே இந்த இரண்டையும் முதலிலேயே நீக்கிவிட்டுத்தான் அனுபவமுள்ள வேதியியலாளர் மேற்கொண்டு வேலையைத் தொடங்குவார். "எங்கள் மூலிகை ஆய்வகத்தில் வைரஸைக் கொன்றது" என்று யாரேனும் சொன்னால், டானினை நீக்கிய பிறகா, நீக்குவதற்கு முன்பா என்று கேட்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

சயனோவிரின் என்பது என்ன? அது எவ்வாறு வைரஸைத் தடுக்கிறது?

நாஸ்டாக் எலிப்சோஸ்போரம் என்னும் நீலப்பச்சைப் பாசியிலிருந்து கிடைத்த, 101 அமினோ அமிலங்கள் (புரதத்தைக் கட்டும் சிறு கற்கள்) கொண்ட சிறு புரதம் அது. 1997-இல் பாய்டின் குழு இதை வெளியிட்டது.

எச்ஐவியின் மேற்பரப்பில் ஜிபி-120 என்னும் புரதம் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கிறது. மனிதச் செல்லைப் பற்றி உள்ளே நுழைவதற்கு அதுவே வைரஸின் கை. அந்தப் புரதத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி, அதன்மேல் போர்த்தியிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகள்தாம். இந்தப் போர்வையை வைரஸ் தானாகச் செய்துகொள்வதில்லை. நம் செல்லின் இயந்திரத்தைக் கொண்டே செய்து போர்த்திக்கொள்கிறது. ஆகையால் நம் நோயெதிர்ப்பு மண்டலம் அதைப் பார்த்து "இது நம் வீட்டுப் பிள்ளை" என்று விட்டுவிடுகிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. வைரஸின் போர்வையில் மானோஸ் என்னும் சர்க்கரை நுனிவரை நெருக்கமாக அமைந்த சங்கிலிகள் மிகுதி. நம் செல்களின் மேற்பரப்பில் அத்தகையவை குறைவு. சயனோவிரின் அந்த மானோஸ் நுனிகளைப் பற்றிக்கொள்கிறது. பற்றியபின் ஜிபி-120 செல்லின் வாயிலைப் பிடிக்க முடியாமல் போகிறது.

இவ்வாறு சர்க்கரையைப் பற்றும் புரதங்களுக்குப் பொதுப்பெயர் லெக்டின். இவை குறிவைப்பது சர்க்கரைப் போர்வையை என்பதால், அதே மாதிரிப் போர்வை உடைய எபோலா, ஹெபடைடிஸ் சி போன்ற வேறு வைரஸ்களிடமும் ஓரளவு வேலை செய்கின்றன. சளி பிடிக்கச் செய்யும் ரைனோ வைரஸுக்கு அந்தப் போர்வை இல்லை. அதனிடம் இவை பற்றுவதற்கு எதுவுமில்லை.

சயனோவிரினின் உறுதி வியப்புக்குரியது. கொதிக்க வைத்தாலும் உறைய வைத்து உருக்கினாலும் அது தன் வேலையை விடவில்லை. ஆனால் அதற்கு ஒரு குறையும் இருந்தது. அது மனித வெள்ளணுக்களைத் தூண்டிப் பெருகச் செய்தது. எச்ஐவி குடியேறுவதே தூண்டப்பட்ட வெள்ளணுக்களில்தான் என்னும்போது, இது சிறிய குறை அல்ல.

கிரிஃபித்சின் அதைவிட ஏன் பெரிதாகப் பேசப்படுகிறது?

நியூசிலாந்துக் கடலில் சேகரித்த கிரிஃபித்சியா என்னும் செம்பாசியிலிருந்து இது பிரிக்கப்பட்டு 2005-இல் வெளியிடப்பட்டது. இதில் 121 அமினோ அமிலங்கள். இரண்டு மூலக்கூறுகள் ஒன்றன் பகுதியை மற்றொன்றுக்குள் நுழைத்துக் கைகோத்து இரட்டையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் சர்க்கரையைப் பிடிக்க மூன்று குழிவுகள் இருப்பதால், இரட்டைக்கு ஆறு பிடிகள். ஒரு கையால் பிடித்தால் நழுவலாம். ஆறு பிடியும் ஒரே நேரத்தில் நழுவுவது அரிது.

அதன் திறனை எண்ணில் சொன்னால் மனத்தில் நிற்காது, ஆகவே இப்படிக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு கிராம் கிரிஃபித்சினைச் சென்னைத் தெருக்களில் ஓடும் 10,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் ஏறத்தாழ 200-இல் சமமாகக் கரைத்துவிட்டால், அந்த நீரிலுள்ள செறிவே எச்ஐவியின் சில வகைகளைச் சோதனைக் குழியில் பாதியளவுக்குத் தடுக்கப் போதுமானது. வெள்ளணுக்களைத் தூண்டும் குணம் இதனிடம் மிகக் குறைவு என்பதும் இதற்குச் சாதகம்.

வேதியியலாளர்களுக்கு மட்டும் சுவையான ஒரு செய்தியும் உண்டு. பாசியிலிருந்து நேரடியாகப் பிரித்த புரதத்தில் 31-ஆவது இடத்தில் இருந்த அமினோ அமிலம், உயிர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் இருபதில் எதனுடைய எடைக்கும் பொருந்தவில்லை. பாக்டீரியாவைக் கொண்டு புரதத்தைச் செய்தபோது அந்த இடத்தில் அலனின் என்னும் எளிய அமினோ அமிலத்தை வைத்தார்கள். புரதம் முன்பு போலவே வேலை செய்தது.

இன்னொரு செய்தி நமக்கு நெருக்கமானது. கிரிஃபித்சின் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று பார்த்தால், அது ஜாக்கலின் குடும்பம், அதாவது நம் பலாக்கொட்டையின் புரதம். ஜாக்கலினின் முப்பரிமாண அமைப்பை 1996-இல் முதன்முதலில் தெளிவுபடுத்தியவர்கள் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள். முப்பட்டகம் போன்ற அந்த மடிப்பு முன்பே தெரிந்திருந்ததால்தான், பத்தாண்டு கழித்துப் பாசிப் புரதத்தின் படிக அமைப்பு வெளிவந்தபோது அதை உறவினர் என்று அடையாளம் காண முடிந்தது. பலாவின் புரதம் காலக்டோஸை விரும்பும்; பாசியின் புரதம் மானோஸை விரும்பும். உருவம் ஒன்று, பசி வேறு.

இதற்காகக் கடலில் எவ்வளவு பாசியை அறுக்க வேண்டியிருக்கும்?

ஒரு பிடி கூட வேண்டியதில்லை. புரதத்தின் அமினோ அமில வரிசை தெரிந்துவிட்டால் அதற்கான மரபணுவைச் செயற்கையாகச் செய்து வேறொரு உயிருக்குள் வைத்துவிடலாம். முதலில் ஈகோலை பாக்டீரியாவில் செய்தார்கள். பின்னர் 2009-இல் வெளியான ஆய்வில், புகையிலையின் உறவான நிக்கோட்டியானா பெந்தாமியானா என்னும் செடியில் புகையிலைத் தேமல் வைரஸை மரபணுவின் வாகனமாகப் பயன்படுத்தி, ஒரு கிலோ இலைக்கு ஒரு கிராமுக்கும் மேலாகக் கிரிஃபித்சின் சேரும்படி செய்தார்கள். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் 5,000 சதுர அடி உள்ள ஒரே பசுமைக்குடிலிலிருந்து 60 கிராமுக்கு மேற்பட்ட தூய புரதம் கிடைத்தது. பயிருக்குக் கேடு செய்யும் ஒரு வைரஸை, மனிதரைக் கெடுக்கும் வைரஸுக்கு எதிராக வேலைக்கு அமர்த்தியதை நான் இந்த ஆய்வின் மிக அழகான பகுதியாகக் கருதுகிறேன்.

அப்படியானால் இதை மாத்திரையாக விழுங்கலாமா?

பொதுவாக முடியாது. புரதம் என்பது வயிற்றுக்கு உணவு. இறைச்சியையும் பருப்பையும் எப்படிச் செரிக்கிறதோ அப்படியே மருந்துப் புரதத்தையும் வயிறு வெட்டித் துண்டாக்கிவிடும். ஊசியாகப் போட்டால் வேறொரு சிக்கல் வரும்: பாசியின் புரதத்தை நம் உடல் அந்நியமாகக் கருதி எதிர்ப்பொருள்களை உண்டாக்கலாம், இரண்டாவது மூன்றாவது முறை போடும்போது மருந்து வேலை செய்யும் முன்பே நீக்கப்படலாம். ஆகவே இவ்வகைப் புரதங்களை வைரஸ் நுழையும் வாசலிலேயே தடவும் மருந்தாக, அதாவது ஜெல்லாகவோ மூக்கில் தெளிக்கும் மருந்தாகவோ ஆக்கவே முயல்கிறார்கள்.

கஷாயம் பற்றிய ஒரு கேள்விக்கும் இங்கேயே விடை இருக்கிறது. முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் கெட்டியாவதைப் போல, பெரும்பாலான புரதங்கள் கொதிக்கும் நீரில் தம் வடிவத்தை இழக்கின்றன. வடிவம் போனால் வேலையும் போகும். நாலு பங்கு நீரை ஒரு பங்காகச் சுண்டக் காய்ச்சிய கஷாயத்தில் பயன் ஏதேனும் இருந்தால், அது சிறு மூலக்கூறுகளால் வருவதேயன்றிப் புரதத்தால் வருவதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. சயனோவிரின் போல் கொதியைத் தாங்குபவை விதிவிலக்குகள்.

வாழைப்பழத்தில் எச்ஐவியைத் தடுக்கும் புரதம் இருக்கிறதாமே? நிறையச் சாப்பிட்டால் நல்லதா?

புரதம் இருப்பது உண்மை. வாழை லெக்டின் எச்ஐவியைத் தடுப்பதாக மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டேவிட் மார்க்கோவிட்ஸ் குழு 2010-இல் வெளியிட்டது. இதுவும் ஜாக்கலின் குடும்பம்தான். ஆனால் இதற்கும் வெள்ளணுக்களைத் தூண்டும் குறை இருந்தது. 2015-இல் அதே குழுவினர், 84-ஆவது இடத்தில் இருந்த ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலத்துக்குப் பதிலாகத் திரியோனினை வைத்து, தூண்டும் குணத்தைப் பெருமளவு நீக்கி வைரஸைத் தடுக்கும் குணத்தை மட்டும் காத்துக்கொண்டார்கள். ஒரே ஒரு மணியை மாற்றிக் கோத்த மாலை அது. வாழைத் தாரில் அது கிடைக்காது. பழத்தைப் பழத்துக்காகச் சாப்பிடுங்கள்.

புரதம் அல்லாமல், இயற்கையிலிருந்து வந்து உண்மையிலேயே மருந்துக்கடையை எட்டியது ஏதேனும் உண்டா?

உண்டு, ஆனால் நேர்வழியில் வந்ததில்லை. 1945-இல் யேல் பல்கலைக்கழகத்தின் வேதியியலாளர் வெர்னர் பெர்க்மன், ஃபுளோரிடாக் கரையோரத்தில் எடுத்த ஒரு கடற்பஞ்சை உலர்த்தி அசிட்டோனில் காய்ச்சியபோது எதிர்பாராத வகையில் ஒரு படிகம் படிந்தது. அவர் தேடிக்கொண்டிருந்தது கொழுப்புப் பொருள்களை. கிடைத்தது டிஎன்ஏவின் கட்டுமானக் கல்லைப் போன்ற ஒன்று. வழக்கமாக ரைபோஸ் அல்லது டிஆக்சிரைபோஸ் இருக்க வேண்டிய இடத்தில் அதில் அராபினோஸ் என்னும் வேறு சர்க்கரை இருந்தது. 1950-இல் வெளியான இந்தச் செய்தி, சர்க்கரைப் பகுதியை மாற்றிய போலிக் கற்களைக் கொடுத்தால் வைரஸ் ஏமாந்து தன் மரபுச் சுவரில் அவற்றை வைத்துக் கட்டி, மேலே கட்ட முடியாமல் நின்றுவிடும் என்னும் எண்ணத்துக்கு வழி திறந்தது.

அந்த மாதிரியைப் பின்பற்றி 1960-இல் ஆய்வகத்தில் செய்யப்பட்ட விடரபின், முதலில் புற்றுநோய்க்காக எண்ணப்பட்டது. பின்னர் ஹெர்பிஸ் வைரஸால் வரும் மூளையழற்சிக்கு மருந்தானது. 1977-இல் வெளியான ஓர் ஆய்வில், அந்நோயாளிகளிடையே இறப்பு 70 விழுக்காட்டிலிருந்து 28 விழுக்காடாகக் குறைந்தது. நோயாளிகளின் எண்ணிக்கை சிறியதே ஆயினும், வைரஸ் நோய்க்கு மருந்து மிக அரிதாயிருந்த காலத்தில் அது பெரிய செய்தி. இன்று அந்த இடத்தை அசைக்ளோவிர் பிடித்துக்கொண்டது. இதில் ஒரு வேடிக்கை: மனிதர்கள் முதலில் செய்து, இயற்கையில் பின்னர் கண்டெடுத்த பொருள் விடரபின். 1984-இல் ஒரு கடல் விசிறியில் அதே மூலக்கூறு கிடைத்தது.

பிரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூவின் கதை வேறு வகை. அதிலிருந்து எடுக்கும் ஷிகிமிக் அமிலம், ஃபுளூ மருந்தான ஒசெல்டாமிவிரைச் செய்வதற்கு மூலப்பொருள். 2005-இல் பறவைக் காய்ச்சல் அச்சத்தில் உலகம் அந்த மருந்தைக் குவிக்க முற்பட்டபோது, அன்னாசிப்பூவுக்கே தட்டுப்பாடு வந்தது. ஷிகிமிக் அமிலம் தன்னளவில் வைரஸை ஒன்றும் செய்யாது. பல வேதி மாற்றங்களுக்குப் பிறகே அது மருந்தாகிறது. ஆகவே பிரியாணியால் ஃபுளூ குணமாகாது.

புன்னை மரத்தில் எய்ட்ஸ் மருந்து இருப்பதாகச் சொல்கிறார்களே?

இது அரை உண்மை. 1987-இல் மலேசியாவின் சரவாக் மாநிலத்தில், புன்னையின் பேரினமான கலோஃபில்லத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் இலையையும் சிறுகிளைகளையும் தாவரவியலாளர் ஜான் பர்லி சேகரித்தார். ஃபிரெடரிக் ஆய்வகத்தில் அதன் சாறு எச்ஐவியை நன்றாகத் தடுத்தது. மேலும் இலை வேண்டும் என்று திரும்பிப் போனபோது, அந்த மரம் வெட்டப்பட்டிருந்தது. அதே இனம் என்று எண்ணி வேறு மரங்களிலிருந்து எடுத்தவை அந்த அளவுக்கு வேலை செய்யவில்லை. பிறகு சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் இருந்த மரங்கள் கைகொடுத்தன. கேலனோலைடு என்று பெயரிடப்பட்ட அந்த மூலக்கூறு 1992-இல் வெளியிடப்பட்டது. எச்ஐவி தன் ஆர்என்ஏவை டிஎன்ஏவாகப் பெயர்க்கப் பயன்படுத்தும் நொதியை அது முடக்குகிறது.

நம் கடற்கரைகளில் நிற்கும் புன்னையிலிருந்தும் இதே குடும்பத்தைச் சேர்ந்த இனோஃபில்லம் என்னும் பொருள்கள் 1993-இல் மலேசிய மரங்களைக் கொண்டு பிரித்தெடுத்துச் சோதிக்கப்பட்டன. அவற்றுள் இரண்டு அதே நொதியைத் தடுத்தன. ஆனால் கேலனோலைடு மனிதரிடம் முதற்கட்டச் சோதனைகளை அடைந்தும் கடைக்கு வரவில்லை. இனோஃபில்லங்கள் அவ்வளவு தூரம்கூட வரவில்லை. புன்னை எண்ணெய் விளக்கெரிக்கவும் தோலில் தடவவும் பயன்பட்டது, உண்பதற்கானதன்று. புன்னை இலையைக் காய்ச்சிக் குடித்து எச்ஐவி மருந்தை நிறுத்தினால் பெருந்தீங்கு விளையும்.

கீழாநெல்லி மஞ்சள் காமாலையைக் குணமாக்குவது அறிவியலால் நிறுவப்பட்டதா?

இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் விடை சொல்வது நேர்மையாகாது. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற பரூக் புளூம்பர்க், தம் குழுவினரோடு கீழாநெல்லிச் சாற்றை அந்த வைரஸுக்கு எதிராகச் சோதித்து 1987-இல் வெளியிட்டார். மறு ஆண்டே சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், அவரோடு இணைந்து, நோய் அறிகுறியின்றி வைரஸைச் சுமப்பவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடியைக் கொடுத்துப் பார்த்ததை லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டனர். பொடி உண்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் மேற்பரப்புப் புரதம் இரத்தத்திலிருந்து மறைந்தது. ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத போலிப்பொடி உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. உலகம் முழுவதும் கீழாநெல்லியின் மீது கண்வைத்தது அப்போதுதான்.

ஆனால் தாய்லாந்திலும் பிற இடங்களிலும் பின்னர் நடந்த சோதனைகள் அதே விளைவைக் காட்டவில்லை. செடியின் இனம் வேறா, மண் வேறா, பறித்த பருவம் வேறா, உலர்த்திய முறை வேறா என்று பல காரணங்கள் ஆராயப்பட்டன. என் பார்வையில் சிக்கலின் வேர் இங்கே இருக்கிறது: செயல்படும் மூலக்கூறு இன்னதென்று உறுதியாக நிறுவப்படாமல் பொடியாகவே சோதிக்கப்பட்டதால், இரண்டு நாடுகளில் இருவர் கொடுத்தது ஒரே மருந்துதானா என்று சொல்வதற்கே அளவுகோல் இல்லாமல் போயிற்று. தியாகராஜன் குழுவின் முயற்சியைக் குறைத்துச் சொல்ல இதைக் கூறவில்லை. நாட்டு மருந்தைப் போலிப்பொடியோடு ஒப்பிட்டு முறையாகச் சோதிக்கும் துணிவே அன்று அரிதாக இருந்தது.

வீட்டு அனுபவத்தைப் பற்றியும் ஒரு சொல். மஞ்சள் காமாலை என்று நாம் அறிவதில் பெரும்பகுதி ஹெபடைடிஸ் ஏ, ஹெபடைடிஸ் இ ஆகிய வைரஸ்களால் வருவது. பெரும்பாலோருக்கு அது சில வாரங்களில் தானே அடங்கும். அந்த வாரங்களில் மோரில் அரைத்துக் குடித்த கீழாநெல்லிக்குப் பெயர் கிடைப்பது இயல்பு. நாட்பட்ட ஹெபடைடிஸ் பிக்கு இன்று டெனோஃபோவிர், என்டெகாவிர் ஆகிய மருந்துகள் உள்ளன. பெர்க்மனின் கடற்பஞ்சில் தொடங்கிய போலிக் கல் என்னும் எண்ணத்தின் வாரிசுகளே இவை.

நிலவேம்புக் குடிநீர்?

டெங்குப் பருவத்தில் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலேயே தரப்படுவதால் இந்தக் கேள்வி தவறாமல் வருகிறது. நிலவேம்பின் கசப்புக்குக் காரணமான ஆன்ட்ரோகிராஃபோலைடு ஆய்வகத்தில் சில வைரஸ்களைத் தடுத்திருக்கிறது. கீழாநெல்லியைக் குறித்து மேலே சொன்ன கேள்விகள் அனைத்தும் இதற்கும் பொருந்தும். டெங்குவில் உயிரைக் காப்பது உரிய நேரத்தில் உரிய அளவு நீர்ச்சத்து ஏற்றுவதே. கடுமையான வயிற்றுவலி, விடாத வாந்தி, இரத்தக்கசிவு ஆகியவை தெரிந்தால் குடிநீரை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

ஆய்வகத்தில் வென்ற பொருள் மனிதரிடம் ஏன் தோற்கிறது?

காரஜீனன் நல்ல எடுத்துக்காட்டு. இது செம்பாசிகளிலிருந்து எடுக்கும் கூழ்ப்பொருள். இராமநாதபுரம் கடலோரத்தில் பெண்கள் மூங்கில் மிதவைகளில் வளர்க்கும் கப்பாஃபைகஸ் பாசியிலும் இதன் ஒரு வகை இருக்கிறது. ஆய்வகத்தில் இது எச்ஐவியைத் தடுத்தது. ஆகவே பெண்கள் உடலுறவுக்கு முன் தடவிக்கொள்ளும் காரஜீனன் ஜெல்லைத் தென்னாப்பிரிக்காவில் 6,202 பெண்களிடம் சோதித்து 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். தீங்கு எதுவும் இல்லை; ஆனால் போலி ஜெல்லைப் பயன்படுத்தியவர்களுக்கும் இவர்களுக்கும் தொற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடும் இல்லை. இடையிடையே ஜெல்லைப் பயன்படுத்தாமல் விட்டவர்கள் பலர் என்பது ஒரு காரணம். 96 குழிகள் கொண்ட தட்டு மருந்தை மறந்து போகாது, அதற்கு வெட்கமும் இல்லை, கணவனின் கோபத்துக்கு அஞ்ச வேண்டியதும் இல்லை.

பின்னர் அதே காரஜீனனோடு கிரிஃபித்சினைச் சேர்த்துச் செய்த ஜெல், பெண்களிடம் முதற்கட்டச் சோதனையை எட்டியது. 2022-இல் வெளியான முடிவு, பாதுகாப்புக் குறித்துக் கவலை தரும் எதையும் காட்டவில்லை. முதற்கட்டம் பாதுகாப்பை மட்டுமே பார்க்கும். தொற்றைத் தடுக்கிறதா என்பதற்கு விடை அதில் இல்லை. சார்ஸ் வைரஸ் தொற்றிய எலிகளுக்கு மூக்கு வழியே கொடுத்தபோது கிரிஃபித்சின் அவற்றைக் காத்தது 2010-இலேயே தெரிந்திருந்ததால், கோவிட் காலத்தில் மூக்கில் தெளிக்கும் வடிவத்துக்கும் ஆரம்பநிலைச் சோதனைகள் நடந்தன.

வைரஸ் உருமாறித் தப்பித்துவிடாதா?

தப்பிக்க முயலும். சர்க்கரைச் சங்கிலிகளை ஒவ்வொன்றாக உதிர்த்துவிட்டால் லெக்டினுக்குப் பிடி கிடைக்காது. ஆய்வகத்தில் எச்ஐவி அப்படிச் செய்திருக்கிறது. ஆனால் போர்வையை உதறிய வைரஸ், அதுவரை ஒளிந்திருந்த தன் மேனியை எதிர்ப்பொருள்களுக்குக் காட்ட நேரும். இந்த இக்கட்டையே சிகிச்சையாகப் பயன்படுத்தலாம் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு.

நம் ஊர்ச் செடியிலிருந்து வெளிநாட்டார் மருந்து செய்தால் நமக்குப் பங்கு உண்டா?

1992-இன் பல்லுயிர்ப் பெருக்க உடன்படிக்கைக்குப் பிறகு, ஒரு நாட்டின் உயிர்வளம் அந்த நாட்டின் இறையாண்மைக்கு உட்பட்டது. இந்தியாவில் 2002-இன் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் இதைக் கையாள்கிறது. அதன்படி அமைந்த தேசிய ஆணையத்தின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. வெளிநாட்டவர் ஆய்வுக்காக நம் உயிர்வளத்தை எடுக்க அதன் முன்அனுமதி வேண்டும். கேலனோலைடு விவகாரத்தில் சரவாக் அரசு, உரிமம் பெற்ற அமெரிக்க நிறுவனத்தோடு 1996-இல் கூட்டு நிறுவனமே தொடங்கியது. மருந்து கடைக்கு வராததால் பங்கிட வருவாயும் வரவில்லை என்பது வேறு.

எங்கள் ஊரில் ஒரு பச்சிலை நன்றாகக் கேட்கிறது. அதை ஆராயச் சொல்லி அனுப்புவது எப்படி?

பொடியாகவோ எண்ணெயாகவோ அனுப்பாதீர்கள். அதை வைத்து யாராலும் எதுவும் செய்ய முடியாது. பூவோ காயோ உள்ள கிளை ஒன்றைச் செய்தித்தாள் மடிப்புகளுக்கிடையே அழுத்தி உலர்த்துங்கள். அதனோடு ஒரு சீட்டில், பறித்த நாள், ஊர், சாலையிலிருந்து எத்தனை அடி, எந்தத் திசை, எந்த மரத்துக்கு அருகில், வேரா இலையா பட்டையா எதைப் பயன்படுத்துகிறீர்கள், ஊரில் வழங்கும் பெயர் ஆகியவற்றை எழுதி வையுங்கள். கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் அளவாய்வின் தென்மண்டல மையத்திலோ, திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராப்பினாட் தாவரத் தொகுப்பகத்திலோ இனத்தை அடையாளம் காணும் வல்லுநர்கள் இருக்கிறார்கள். இனம் உறுதியான பிறகே பல்கலைக்கழக வேதியியல் துறையை அணுகுங்கள். அந்த மரத்தையும், ஆய்வு முடியும்வரை, யாரும் வெட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.